வைப்பர் சார் ஓட்டிய கல்யாணக் கார்

மழை என்ற பேச்சே இல்லாத சித்திரை வெயிலில் வைப்பரைப் போட்டுக்கொண்டு ஒரகடம் சாலையில் கார் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் வைப்பர் சார்தான்.

கொரியாவிலிருந்து மூன்று மாத வேலையாக எங்கள் தொழிற்சாலைக்கு வந்த இன்ஜினியர் அவர். அவர் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். இண்டிகேட்டர் இடது கைக்கு வரும். இங்கே எல்லாம் தலைகீழ். திரும்பும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் இடது கை போய்த் தட்டும்; காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கறக் கறக்கென்று ஆடும். டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

அவருக்கு வாடகைக் கார் பிடித்துக் கொடுத்தது, நிர்வாகப் பிரிவிலிருந்த நான். மூன்று மாதத்துக்குத் தன் பெயரில் தனி இன்சூரன்ஸ் வேண்டுமென்றார்.

"வண்டிக்கே இன்சூரன்ஸ் கீது தம்பி, தனியா வேணாம்னு சொல்லு" என்றாள் வாடகைக் கார் கம்பெனி பரிமளா அக்கா.

சொன்னேன். அவர் விடவில்லை. நான் மாட்டை இடித்தால்? மாடு என்னை இடித்தால்? அவர் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தமிழில் அக்காவிடம் கேட்டேன்.

அக்கா பேனாவை மூடி வைத்தாள். "இன்னா தம்பி, இவரு வண்டி ஓட்டப் போறாரா, மாடு புடிக்கப் போறாரா?"

பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பதறுவார். ஓரங்கட்டி, இறங்கி, இடுப்பு வரை குனிந்து, நான் கற்றுக்கொடுத்த தமிழில் "மன்னிச்சிக்கோங்க" என்பார். மண்ணூர் பக்கம் ஒரு தண்ணி லாரிக்காரர் அரண்டுபோய், "ஐயோ, சும்மாத்தான் சார் அடிச்சேன்!" என்று பதிலுக்குக் கும்பிட்டார்.

எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்த செல்விக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம். நானும் சாரும் போகிற வழியில், பானெட்டைத் திறந்தபடி நின்றது கல்யாணக் கார். ஒரகடத்தில் மேக்கப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பிய செல்வி, பட்டுப்புடவையோடு ரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"முகூர்த்தம் தப்பிப்பூடும் சார்!" என்று கையைப் பிசைந்தார் அவள் அப்பா.

இருவரையும் ஏற்றினோம். சார் வண்டியைக் கிளப்பவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு இந்த வண்டி இன்சூரன்ஸ் செல்லுமா என்று கேட்டார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "காசு வாங்காம ஏத்திக்கினா அல்லாருக்கும் செல்லும். மொதல்ல வண்டிய எடுக்கச் சொல்லு!"

எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஹாரனில் கை வைத்தவர், மண்டப வாசல் வரை எடுக்கவே இல்லை. கன்டெய்னர் லாரிகளெல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. ஒவ்வொன்றையும் தாண்டும்போது கண்ணாடியை இறக்கி, "மன்னிச்சிக்கோங்க!" செல்வி அழுகையை மறந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

கெட்டிமேளம் கொட்டியபோது பெண்ணின் அப்பாவைவிட அதிகமாக அழுதவர் சார்தான். செல்வியின் அம்மா அவரை மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்துப் பரிமாறினாள்.

அவர் ஊருக்குப் போய்விட்டார். இப்போதும் கொரியாவிலிருந்து யார் வந்தாலும் விமான நிலையத்துக்கு வேறு ஆளை அனுப்பாமல் நானே போகிறேன். ஒருவேளை கூடவே அவரும் வந்திறங்கிவிட்டால்?