எர்த்து அண்ணனின் பச்சை ஜன்னல்

கயல், கதிர், இன்று காலை ஆயுத பூஜைக்கு மீட்டர் பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் சந்தனப் பொட்டு வைக்கப் போன உங்களை அதட்டிவிட்டேன். முகம் வாடிப் போனீர்கள். ஏன் என்று எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இடியோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்ற மனிதர் ஒருவர்தான். ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் எங்கள் எலக்ட்ரீஷியன். ஊரே அவரை 'எர்த்து அண்ணன்' என்றது.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் எர்த்துக் கம்பி புதைத்த எர்த்துக் குழியைத் தேடி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்; மண் ஈரமாக இருந்தால்தான் கசியும் கரண்டு உள்ளே இறங்கும். அரிமளத்தில் தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே கதை. கரண்டு ஆபீஸ் ஆள் சோதனைக்கு வந்துவிட்டார் என்று பயந்து, பெண்ணின் அப்பா கொல்லைக்குத் திருட்டுத்தனமாக இழுத்திருந்த வயரை அவசரமாகச் சுருட்டினார்.

"பொண்ணு வந்து நிக்குதுண்ணே, பாருங்க."

"பொண்ணுக்கு என்னய்யா, நல்லாத்தான் இருக்கு. வீட்டுல எர்த்து இல்லையே!"

கல்யாண மண்டபத்தில் மைக் செட்டின் பிளக்கைக் கவிழ்த்து ஐ.எஸ்.ஐ. முத்திரை தேடுவார். இல்லையென்றால் அந்தப் பக்கத்துப் பந்தியில் உட்கார மாட்டார்.

கம்பெனியில் சர்ஜ் பெட்டி மாட்ட, முதலாளியோடு ஒரு வருஷம் போராடினார். மின்னல் அடிக்கும்போது கம்பி வழியே பாய்ந்து வரும் கரண்டைத் தான் வாங்கி மண்ணுக்குள் அனுப்பும் பெட்டி அது; நம் வீட்டு மீட்டர் பக்கத்தில் இருப்பதும் அதுதான்.

"இதப் போட்டா ஐஸ் கூட வருமாய்யா?"

"வராது மொதலாளி. இருக்குற ஐஸ் கரையாம இருக்கும்."

முதலாளி முத்திரையில்லாத மலிவுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். "வலைக்குக் கட்டுங்க, நல்ல வெயிட்டா இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் அண்ணன்.

கடைசியில் வந்த நல்ல பெட்டியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு ஜன்னல். பச்சை தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. சிவப்பு வந்தால் அடி வாங்கிச் செத்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். தினமும் பார்த்து நோட்டில் எழுதுவார்.

கண் ஆபரேஷனுக்குக் கிளம்பியபோது, மெஷின் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் நோட்டைக் கொடுத்தார். "ரெண்டு வாரத்துக்கு நீதான்டா எனக்குக் கண்ணு."

இடையில் ஆயுத பூஜை வந்தது. பேனலைத் துடைத்து, பக்தியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சரியாக அந்த ஜன்னல் மேல். பிறகு பார்க்காமலே தினமும் 'பச்சை' என்று எழுதினேன். முதல் மழையில் இடித்த இடி பெட்டியைக் கொன்றது எனக்குத் தெரியவில்லை. அடுத்த இடியில் பேனலும் மோட்டாரும் எரிந்தன. ஐஸ் இல்லாமல் விசைப்படகுகள் கரையிலேயே நின்றன. ஏற்கெனவே வந்திருந்த மீனும் நாறியது.

கறுப்புக் கண்ணாடியோடு அண்ணன் வந்து நின்றார்.

"ஒன் முத்திர என்னய்யா கிழிச்சுச்சு?" என்று முதலாளி கத்தினார்.

அவர் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். சிவப்பு. நோட்டைத் திறந்தார். வரிசையாகப் பச்சை, என் கையெழுத்தில். என்னைப் பார்த்தார். கயல், அப்போது நீ பிறந்து முப்பது நாள்கூட ஆகவில்லை. அது அவருக்குத் தெரியும்.

நோட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "நான்தான் பெட்டியப் பாக்கச் சொல்லி யாருகிட்டயும் சொல்லாமப் போயிட்டேன் மொதலாளி" என்றார்.

வேலை போனது. அதற்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் ஒரு பல்பு மாட்டக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. குன்றாண்டார்கோவில் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

போன மாதம் அங்கிருந்துதான் அவர் இறந்த செய்தி வந்தது. போனேன். சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பி, எல்லோரும் தெருப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, நான் மட்டும் கொல்லைப்பக்கம் போய் எர்த்துக் குழியைத் தேடினேன். காய்ந்து கிடந்தது. ஒரு குடம் தண்ணீர் மெதுவாக ஊற்றினேன். மண் குடித்து முடிக்கும்வரை நின்று, இன்னொரு குடமும் ஊற்றினேன்.