குணமாக மறுத்த டிரைவர்

நோயாளி ஆகிவிடுவது என்று டிரைவர் தீர்மானித்தார். ஓய்வு பெற்றபின் அவர் எடுத்த முதல் பெரிய தீர்மானம்.

காரணம், மனைவியின் பாட்டு. அவர் பஸ் ஓட்டிய காலமெல்லாம் அவள் தரை துடைத்தாலும் பாடுவாள், துணி மடித்தாலும் பாடுவாள். குழாய்த் தண்ணீர் மாதிரி அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது ஆஸ்பத்திரியில் இசை சிகிச்சைக்குப் பாடப் போகிறாள். திரும்பி வந்தால் வெந்நீர், நாற்காலி, மௌனம்.

"ஏன் உம்முனு இருக்கே?"

"தொண்டைக்கு ஓய்வு வேணுமாம். டாக்டரம்மா சொன்னாங்க."

ஊரான் காதுக்கெல்லாம் பாட்டு. அவர் காதுக்கு வெந்நீர் உறிஞ்சும் சத்தம். 'ஒண்ணு பாடேன்' என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வரும், அங்கே பிரேக் விழுந்துவிடும். கட்டிய நாளிலிருந்து அவர் அவளிடம் வாய்விட்டுக் கேட்டது தண்ணீரும் துண்டும்தான்.

அவள் துணி மடிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். முனகல்கூட இல்லை. மடித்த துண்டைக் கலைத்துப் போட்டார். மறுபடி மடித்தாள். வாய் திறக்கவில்லை.

ரத்த அழுத்தம் கொஞ்சம் இருந்தது. கூட்டிச் சொல்லி டாக்டரம்மாவிடம் இசை சிகிச்சைக்குச் சீட்டு வாங்கிவிட்டார்.

"உங்களுக்கா? பாட்டா?" என்றாள் மனைவி. "ஹாரன் அடிச்சாதானே உங்களுக்குத் தூக்கமே வரும்!"

"டாக்டர் சொன்னா கேட்கணும்டி."

ஆஸ்பத்திரி ஹாலில் வரிசையாக நாற்காலி. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் பாடினாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் கீழே இறங்குகிற இடத்தில் அதே பழைய நடுக்கம். டிரைவரின் நெஞ்சுக்குள் இத்தனை வருஷமாக ஓடிய எஞ்சின் அடங்கியது. கண்ணைத் துடைத்தார். பக்கத்திலிருந்த தையல்காரர் பார்த்தார்.

"தூசி," என்றார் டிரைவர்.

பாட்டுக்கு முன்னும் பின்னும் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்ப்பாள். தையல்காரருக்கு நன்றாக இறங்கியிருந்தது.

"குணமாயிடுச்சு ஐயா. இனிமே நீங்க வர வேண்டாம்."

தையல்காரர் முகம் தொங்கிப்போயிற்று. டிரைவருக்குப் பகீரென்றது. குணமானால் துரத்திவிடுவார்களா!

அன்றிலிருந்து குணமாகக் கூடாது என்று பாடுபட்டார். பாட்டு முடிந்ததும் நழுவி, பின்பக்கப் படிக்கட்டில் மாடிவரை ஓடுவார், இறங்குவார், இரைக்க இரைக்க வந்து கையை நீட்டுவார்.

"என்னங்க இது, பாட்டு கேட்ட பிறகு ஏறுது!" என்றாள் நர்ஸ்.

"எனக்கு மெதுவாத்தாம்மா குணமாகும். அவசரப்படாதீங்க."

நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள் படியிறங்கி வந்தால், கீழே மனைவி.

"எங்கே போனீங்க?"

"காத்து வாங்க."

"மூச்சுல்ல வாங்குது!"

நெற்றி வியர்வையைத் துடைத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"எங்கிட்ட ஏதாவது கேட்கணுமா?"

"ஒண்ணுமில்லையே."

"சரி," என்று நேரே டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் விஷயம் வெளியே வந்தது.

"என் பாட்டு உங்களுக்கு ஒத்துக்கலையாம். இனிமே அந்த ஹால் பக்கமே வரக்கூடாதாம்."

"வீட்ல?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"வீட்லயும்தான். எனக்குத் தொண்டை சரியாயிடுச்சு. இன்னிக்கு ரெண்டு பாட்டு பாடலாம்னு ஆசையா இருந்தேன்."

"பாடேன்! நான் தாங்கிக்குவேன்."

"ஐயோ, உங்க உயிரு என்னாகுறது? படியேறி ஓடினதால ஏறிச்சுன்னா அது வேற. அப்படி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

டிரைவர் வாயைத் திறந்தார். அவள் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள்.

"எனக்கென்ன பைத்தியமா, படியேறி ஓட?"

"அதானே."

பஞ்சை எடுத்தாள். பதமாக உருட்டி, தன் கையாலேயே அவருடைய இரண்டு காதிலும் அடைத்தாள். எதிரே உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்தபடி பாட ஆரம்பித்தாள்.

உதடு அசைந்தது. கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. டிரைவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல பஞ்சு. ஒன்றுமே கேட்கவில்லை.