பாங்காக் போகும் சில்லறை

"வாங்கறப்ப ஒரு ரேட்டு, விக்கறப்ப ஒரு ரேட்டுங்களா? இது எந்த ஊரு நியாயமுங்க?"

சேலத்துப் பணமாற்றுக் கடையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மாதேஸ்வரன் கேட்டார். அந்தப் பக்கம் இருந்த பெண் இதைத் தினமும் கேட்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எல்லா ஊருலயும் இப்படித்தான் சார்."

"நீங்க மட்டும் என்னவாம்? குழாயை வாங்குன வெலைக்கேவா விக்கறீங்க?" என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி தேவகுமாரி.

"நீ சும்மா இரு குமாரி."

மாதேஸ்வரனுக்கு ஏற்காட்டில், ஏரிக்குப் போகிற சாலையில் ஹார்டுவேர் கடை. அந்த வருஷம் பொன்னருவி பைப் கம்பெனி சொன்ன இலக்கைத் தாண்டிச் சரக்கு எடுத்திருந்தார். எடுத்தாரே, விற்றாரா என்று யாரும் கேட்கக் கூடாது. கடையில் குழாய், மாடி வீட்டில் குழாய், கட்டிலுக்கு அடியிலும் குழாய். இலக்கைத் தாண்டிய டீலர்களைக் கம்பெனி மனைவியோடு பாங்காக் கூட்டிப்போகிறது. விமானம், ஓட்டல், சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு. கைச்செலவு மட்டும் அவரவர் பாடு.

அந்தக் கைச்செலவுக்குத் தேவகுமாரி தன் சீட்டுப் பணம் முப்பதாயிரத்தை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். கல்யாணமாகி மலையேறி வந்த நாளிலிருந்து அவள் ஊர் பார்க்க வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வருகிறவர்களெல்லாம் அவளிடம்தான் வழி கேட்பார்கள். பாத்ரூம் எங்கே என்பதையும் அவளிடம்தான் கேட்பார்கள். "நானும் ஒருக்கா ஒரு ஊருக்குப் போயி யாருகிட்டயாச்சும் வழி கேக்கணுமுங்க. அவ்வளவுதான் என் ஆசை" என்று சொல்லித்தான் பணத்தை நீட்டினாள்.

அந்தப் பணத்தில் பத்து ரூபாய்கூட வீணாகக் கூடாது என்பது மாதேஸ்வரனின் தீர்மானம். நல்ல தீர்மானம்தான். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

"வா, போலாம். இங்க மாத்துனா முந்நூறு ரூவா சும்மா போகுது" என்று மனைவியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வந்துபோன பஸ் டிக்கெட்டும், இரண்டு சாப்பாடும், கொண்டை ஊசி வளைவுகளில் தேவகுமாரிக்குக் குமட்டியதால் வாங்கிய சோடாவும் சேர்ந்து முந்நூறைத் தாண்டியிருந்தன. அவர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் ஏற்காட்டிலேயே வங்கிக்குப் போனார். அதிகாரி இன்பமேரி பொறுமைசாலி.

"டிராவல் கார்டு போட்டுக்கலாங்க சார்."

"அதுக்குக் காசு உண்டுங்களா?"

"கார்டுக்கு ஒரு சார்ஜ். பணம் ஏத்தறதுக்கு வரி கொஞ்சம்."

"இருக்கற ஏடிஎம் கார்டையே கொண்டுபோனா?"

"எடுக்கற ஒவ்வொரு தடவைக்கும் அந்த ஊரு பேங்க் ஒரு தொகை புடிக்குமுங்க. நாங்களும் கொஞ்சம் புடிப்போம்."

"எம் பணத்தை நான் எடுக்கறதுக்கா?"

"ஆமாங்க. ஒரே தடவையா மொத்தமா எடுத்துட்டீங்கன்னா ஒரு தடவைதான் புடிக்கும். உங்களுக்கு இருக்கறதுலயே மலிவு அதுதானுங்க."

"மெஷினு கார்டை முழுங்கிருச்சுன்னா?"

"அது இந்த ஊருலயும் முழுங்குமுங்க சார்."

இன்பமேரி சொன்னது சரியான வழி. ஆனால் அதில் ஒரு தடவையாவது பிடிக்கிறார்களே! மாதேஸ்வரன் தேடியது யாரும் எதுவும் பிடிக்காத வழி. அப்படிப்பட்ட வழி தேடுகிறவர்களைத் தேடிக்கொண்டு தானே வந்துவிடும். அன்று மத்தியானம் அது செல்வராஜ் உருவத்தில் கடைக்கு வந்தது.

செல்வராஜ் பக்கத்துக் கிராமமான வாழவந்திக்காரன், பிளம்பர். குழாய் வளைவுக்கு எல்போ வாங்க வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான். "ஏனுங்ணா, எங்க மச்சான் பாங்காக்குல சமையலுக்கு இருந்தானுங்களே. அந்த ஊருப் பணம் எங்க ஊட்டுல நொம்ப நாளாக் கெடக்குதுங்க. பாதி வெலைக்கு எடுத்துக்கறீங்களா?"

"பாதி வெலைக்கா! கமிஷன்?"

"நமக்குள்ள என்னங்ணா கமிஷன்? கொஞ்சம் சில்லறையா இருக்கும். பரவால்லீங்களா?"

"பணம் பணந்தானே!" என்று மாதேஸ்வரன் அப்போதே வண்டியை எடுத்தார்.

வாழவந்தியிலிருந்து திரும்பும்போது வண்டியின் முன்னால் ஓர் அரிசிச் சாக்கு உட்கார்ந்திருந்தது. கடையில் இறக்கி, ஆணி நிறுக்கிற தராசில் வைத்தார். இருபத்தோரு கிலோ. எல்லாம் தாய்லாந்தின் பத்து பாட் நாணயம். மச்சான் பல வருஷம் சேர்த்த டிப்ஸ் காசு.

தேவகுமாரி சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். "இதென்னங்க, புது வாஷரா?"

"பணம்டி! உன் முப்பதாயிரம் அறுவதாயிரம் ஆயிருச்சு பாரு!"

"பிளேன்ல ஆளுக்கு இருவது கிலோதான் விடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மாதேஸ்வரன் சாக்கைத் தராசிலிருந்து இறக்கினார். "உன் பொட்டியில இதை வெச்சுக்கலாம். துணிக்கு எம்பட பொட்டியில ஓரமா எடம் தரேன்."

"ஓரமா வெச்சா ஒரு சேலைதானுங்க புடிக்கும்! நாலு நாளும் அதையே கட்டிக்கறதா? போட்டோவுல எல்லாம் ஒரே சேலையா?"

"அங்க வாங்கிக்கலாம். பணந்தான் இருக்குதே."

"சேலைக்கடைக்குச் சாக்கைத் தூக்கிட்டுப் போறதுங்களா?"

அதிலும் நியாயம் இருந்தது. நாணயத்தை நோட்டாக மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று மறுநாள் சாக்கோடு சேலம் பஸ் ஏறினார். கண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது லக்கேஜுங்க" என்று தனி டிக்கெட் கிழித்தார். அதே பணமாற்றுக் கடை, அதே பெண்.

"காயின் எடுக்கறதில்ல சார்."

"வேற கடையில?"

"எங்கயும் எடுக்க மாட்டாங்க. அந்த ஊருல போயிச் செலவு பண்ணாத்தான் உண்டு. இல்லேன்னா கோயில் உண்டியல்ல போடலாம். அங்க எதுவும் கேக்க மாட்டாங்க."

திரும்பும் பஸ்ஸில் இன்னொரு லக்கேஜ் டிக்கெட். இறங்கியதும் நேரே வாழவந்திக்குப் போய், "இந்தா, உம் பணத்தை நீயே வெச்சுக்க. என் முப்பதாயிரத்தைக் குடு" என்றார்.

செல்வராஜ் பதறிப்போனான். "ஐயோ, கூரைக்கு ஷீட்டு வாங்கிட்டனுங்களே!"

"ஷீட்டா? நம்ம கடையில வாங்குனாப்புல இல்லியே?"

"சேலத்துல கொஞ்சம் மலிவா கெடைச்சுதுங்ணா" என்று செல்வராஜ் தலையைச் சொறிந்தான்.

இதற்கிடையில் கம்பெனி ரெப் சேகருக்குத் தினம் ஒரு போன். "தம்பி, டிக்கெட்டு எப்பப்பா வரும்?"

"வந்துருங்ணா. மேலிடத்துல இந்த வருஷம் ஒவ்வொரு செலவையும் பாத்துப் பாத்துப் பண்றாங்க. தேதி மட்டும் மாறாதுங்ணா, அடுத்த வாரம் ரெடியா இருங்க."

"பாத்துத்தாம்ப்பா பண்ணணும். நல்ல கம்பெனி!" என்று மாதேஸ்வரன் மனதாரப் பாராட்டினார்.

கடைசி வழி அவருக்குக் குளிக்கும்போது தோன்றியது. விமானத்தில் பெட்டியை எடை போடுகிறார்கள். ஆளை எடை போடுவதில்லை! தார்பாய்த் துணியை வெட்டி இரண்டு இடுப்புப் பட்டை தைத்து, ஆளுக்குப் பத்துப் பத்தரை கிலோவை உடம்பில் கட்டிக்கொண்டால் ஒரு பைசா செலவில்லை.

தேவகுமாரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நான் பிளேன்ல போறனா, சந்தைக்கு மூட்டை தூக்கறனா? எஞ்சீட்டுப் பணத்தைக் கொண்டுபோயி இரும்பாக்கிட்டு வந்துட்டீங்களே! உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டேன்?"

மாதேஸ்வரன் தார்பாய்த் துணியைக் கீழே வைத்தார். "குமாரி, அங்க எறங்குன ஒடனே நீ எதைக் கை காட்டறியோ, வெலை கேக்காம வாங்கித் தரேன்" என்றார்.

வெலை கேக்காம! இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. தேவகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல் மெஷினைத் திறந்தாள். தன் பட்டைக்கு ஓரத்தில் பூப் போட்ட துணி வைத்துத் தைத்துக்கொண்டாள்.

புறப்பட ஒரு வாரம் இருந்தது. காலையில் கடைக்குள்ளேயே ஒத்திகை. இருவரும் பட்டையைக் கட்டிக்கொண்டு பெயின்ட் டப்பாக்களுக்கும் குழாய்க் கட்டுகளுக்கும் நடுவில் நடந்தார்கள். மாதேஸ்வரன் நான்கு நடை நடந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. தேவகுமாரி மட்டும் சலங் சலங்கென்று வாசல்வரை போய் வந்துகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வெயிட்டே தெரியலைங்க. எத்தனை தூரம் வேணாலும் நடப்பேன்!"

அப்போது ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் மேனேஜர் லூர்துராஜ் அவசரமாக உள்ளே வந்தார்.

"அண்ணா, பாத்ரூம் குழாய் மொத்தமா வேணுமுங்க. ஒரு ரூம் விடாம எல்லாத்துக்கும் புதுசா மாட்டணும். பொன்னருவி மார்க்குதான் வேணும், வேற எதுவும் ஆவாது."

மாதேஸ்வரனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சரக்கெல்லாம் ஒரே நாளில் காலி! "பாத்தியா குமாரி, கைச்செலவுக்கு இன்னும் பணம் சேருது!" என்று உட்கார்ந்தபடியே கூவினார். பிறகு லூர்துராஜிடம் திரும்பி, "அப்பிடி யாருங்க வராங்க, மந்திரியா?" என்று கேட்டார்.

"மந்திரி இல்லீங்ணா, அடுத்த வாரம் மொத்த ஓட்டலையும் அந்த பைப் கம்பெனியே புடிச்சிருச்சுங்க" என்றார் லூர்துராஜ். "டீலருங்களைச் சம்சாரத்தோட பாங்காக் கூட்டிட்டுப் போறதா இருந்தாங்களாம்; கணக்குப் போட்டுப் பாத்ததுல ஏற்காடுதான் மலிவாம்!"