மஞ்சள் நிலத்தில் லூர்து மேரி

புனித அந்தோணியார் துணை

தேவாரம் அருகில்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனர் ஆண்டனி ராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் அந்தோணிமுத்து எழுதிக்கொண்டது. கோவையில் தாங்களும் ரீட்டாவும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இவ்விடம் என் சுகத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதுவதுதான் முறை. ஆனால் இந்தக் கடிதமே அதைப் பற்றியது என்பதால் தனியாக எழுதவில்லை.

‘தாங்கள்’ என்று எழுதினால் யாருக்கோ எழுதுவது போல இருக்கிறது, நீ என்றே எழுதுகிறேன். இருதய வால்வை மாற்ற உடனே புறப்பட்டு வரச் சொல்லி நீ தினமும் போன் செய்கிறாய். நான் வரமாட்டேன். கத்திக்குப் பயந்து அல்ல. ஆபரேஷன் டேபிளில் எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னை எங்கே கொண்டுபோய் வைப்பாய் என்பதுதான் என் கேள்வி. எனக்கு இடம் இல்லை மச்சான். சாவதற்கு உடம்பு தயாராக இருக்கிறது, சட்டம் தயாராக இல்லை.

பழைய கல்லறைத் தோட்டம் நிறைந்துபோய், ஓடைக்கு அந்தப் பக்கம் பங்குக் கோயிலுக்குக் கிடைத்த புது நிலத்தை ஜெபம் சொல்லி மந்திரித்து முடித்த கையோடு உன் அக்காள் லூர்து மேரி கண்ணை மூடினாள். அங்கே முதல் ஆளாக அவளைத்தான் வைத்தோம். அவள் பக்கத்து இடத்தில் அன்றைக்கே நான் மனசால் துண்டு போட்டுவிட்டேன். பிள்ளையில்லாத வீட்டில் இத்தனை காலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஓட்டினோம், அங்கேயும் அப்படியே ஓட்டிவிடலாம் என்றிருந்தேன். நிலத்துக்கு எதிரே வீட்டுமனை போட்டிருக்கும் சுருளிராஜனுக்கு அது பொறுக்கவில்லை. ‘மலை தெரியும் மனைகள்’ என்று அவன் போர்டு வைத்திருக்கிறான். மனை பார்க்க வருகிறவர்களுக்கு மலைக்கு முன்னால் உன் அக்காளின் சிலுவை தெரிகிறதாம். அவன் போய் உள்ளூர்த் திட்டத்தின் வரைபடத்தைத் தோண்டி எடுத்து, எங்கள் நிலம் அதில் மஞ்சள், அதாவது குடியிருப்புப் பகுதி, அங்கே சவம் அடக்கக் கூடாது என்று மனுப் போட்டுவிட்டான். பங்குச் சாமியார் ஜஸ்டினுக்கு நோட்டீஸ் வந்தது. இருப்பவர் இருக்கலாம், புதிதாக யாரும் வரக்கூடாதாம். கரண்டு போனால் அடுப்படியில் தனியாக நிற்கப் பயந்து என்னைக் கூப்பிடுகிறவள், இப்போது அத்தனை பெரிய நிலத்தில் ஒருத்தியாகக் கிடக்கிறாள். எனக்குத் தூக்கம் வருவதில்லை.

சாமியார் நல்லவர், வழி ஒன்று சொன்னார்.

“சார், பழைய தோட்டத்துல உங்க அண்ணன் கல்லறையத் திறந்து உங்களையும் வச்சிரலாம். நம்ம பங்குல எல்லாரையும் இப்ப அப்படித்தான வைக்கிறாக?”

“ஃபாதர், கிணத்து மோட்டார் தகராறுக்குப் பெறகு நானும் அவரும் ஒரே பெஞ்சுல உக்காந்து பூசை பாத்ததில்ல. உயிர்த்தெழுற அன்னைக்கு மொத மொதல்ல அவரு மூஞ்சியிலயா முழிக்கணும்?”

“அதுக்குள்ள கோவம் ஆறிரும் சார்.”

“எனக்கு ஆறிரும் ஃபாதர். அவருக்கு ஆறாது.”

இப்படி நான் செத்தும் பிழைத்தும் கிடந்த நேரத்தில், மாவட்டம் முழுவதற்கும் மண்டலத் திட்டம் என்று ஒன்று வந்திருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். அந்தப் படத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் பூராவும் பச்சை! பச்சை என்றால் விவசாயப் பகுதி, விவசாயப் பகுதியில் அனுமதி வாங்கிக்கொண்டு அடக்கம் செய்யலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போடி வழியாகப் பஸ் பிடித்துத் தேனிக்குப் போனேன். அலுவலகத்தில் உமாதேவி என்று ஓர் அதிகாரி, சின்ன வயசுப் பிள்ளை, என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து இரண்டு படத்தையும் மேசையில் விரித்தது. எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்கு வர்ணம் பூசக் கற்றுக்கொடுத்தவன் நான். உள்ளூர்ப் படத்து மஞ்சளைப் பார்த்தபோதே காமாலைக்காரன் கண் போல இருந்தது. பெரிய படத்துப் பச்சை எவ்வளவோ தேவலை.

“பெரிய திட்டமே பச்சைன்னு சொல்லிருச்சே, அப்பறம் இந்த மஞ்சளுக்கு என்னம்மா மரியாத?” என்றேன்.

“சார், மண்டலத் திட்டம் மொத்த வட்டாரத்துக்கும் போடறது. எங்கன ஊர் வளரணும், எங்கன வெவசாயம் நிக்கணும்னு தெச காட்டும், அவ்வளவுதான். உங்க சர்வே நம்பர்ல என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாதுன்னு உள்ளூர்த் திட்டந்தான் சொல்லும்.”

“அப்ப சின்னது பெருசுக்கு அடங்காதா?”

“அடங்கணும் சார். இந்த மஞ்சள் பழசு, பெரிய திட்டம் வர்றதுக்கு முன்னாடி போட்டது. அடுத்து திருத்தும்போது பச்சைக்கு ஒத்துப்போற மாதிரி மாத்துவாக. வரைவு போட்டு, ஜனங்ககிட்ட ஆட்சேபணை கேட்டு, மேல ஒப்புதல் வாங்கி வரணும்.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் இப்ப இருக்கற விதிதான் சார்.”

“அது வரைக்கும் நானும் இருக்கணுமேம்மா.”

அந்தப் பிள்ளை என் தண்ணீர் டம்ளரை மறுபடி நிரப்பியது. எனக்கே பாவமாகப் போய்விட்டது. நில உபயோக மாற்றம் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று சொன்னது, கொடுத்தேன். அதற்கும் சுருளிராஜன் ஆட்சேபணை போட்டான். நான் அவன் ஆட்சேபணைக்கு ஆட்சேபணை போட்டேன். பெரிய படத்தின்படி நான் சாகலாம், சின்னப் படத்தின்படி சாகக் கூடாது. இரண்டுக்கும் நடுவே மாத்திரை தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இது போதாதென்று கர்ணன் வேறு. நிலத்துக்குக் கீழ்ப்பக்கம் வாழை போட்டிருக்கிறானே, மொக்கம்மாள் மகன், அவன்தான். போன வாரம் மெழுகுவர்த்தி ஏற்றப் போனால், அவன் வாழைக்கன்று உன் அக்காள் கால்மாட்டுக்கே வந்துவிட்டது! கல்லறை நிலத்தையே கரைக்கிறானே என்று ஆத்திரம் தலைக்கேறி, ஆக்கிரமிப்பு என்று அவன் மேல் எழுதிக் கொடுத்து, சர்வேயரை வரச் சொல்லியிருக்கிறேன். வரப்பில் நின்று கண்டபடி ஏசியும் விட்டேன். அவன் பதிலே பேசவில்லை. பதில் பேசாதவனை ஏசிவிட்டு வந்தால் ராத்திரி சோறு இறங்குவதில்லை.

ஆகவே மச்சான், உள்ளூர்த் திட்டம் திருந்தும் வரை நான் ஆபரேஷனுக்கு வருவதாக இல்லை. டாக்டரிடம் பேசுவதை நிறுத்திவிடு. நான் போய்விட்டால் அவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றவும் ஆளில்லை. வேளாவேளைக்கு மாத்திரை போட்டு, மாடிப்படி ஏறாமல், யாரோடும் சண்டை போடாமல் (சுருளிராஜன், கர்ணன் நீங்கலாக) எப்படியாவது உயிரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன். உனக்கும் ரீட்டாவுக்கும் தேவமாதாவின் ஆசீர் குறைவில்லாமல் கிடைக்கட்டும். ரீட்டா சர்க்கரைக்கு மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார். உங்கள் ஊரிலாவது படம் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியாகச் சாகவும் வழியில்லாத
அந்தோணிமுத்து

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சர்வேயர் வந்துவிட்டார். சற்று முன்புதான் அளந்து முடித்துப் போனார். எல்லைக்கல்லைக் காணோம் என்று தேடினால், திருவிழாக் கொடிமரத்துக்கு முட்டுக் கொடுக்க நம் பங்கு இளைஞர்கள் அதை எப்போதோ பிடுங்கிக் கொண்டுபோய் நட்டிருக்கிறார்கள். அடக்கத்தன்று மேட்டில் பாறை என்று, மண் இளகிய ஓரமாகப் பார்த்துக் குழி வெட்டினார்களே, நினைவிருக்கிறதா? அது பங்கு நிலமே இல்லையாம். கர்ணன் நம் பக்கம் வரவில்லை. உன் அக்காள்தான் அவன் தோட்டத்தில் படுத்திருக்கிறாள். நான் மனு மேல் மனுப் போட்டது எல்லாம் அவள் இல்லாத நிலத்துக்கு. உமாதேவிக்குப் போன் போட்டேன். கர்ணன் தோட்டத்துச் சர்வே நம்பர் இரண்டு படத்திலும் பச்சைதானாம், அவன் சம்மதித்தால் அனுமதிக்கு எழுதலாமாம். எந்த முகத்தோடு கேட்பது என்று வரப்பில் நின்றேன். அவனே வந்தான்.

“தெரியும் வாத்தியாரே. அன்னைக்கே தெரியும். எளவு வீட்டுல போயி எல்லைக்கல்லு பேசச் சொல்லுறீகளா? அக்கா அங்கனயே இருக்கட்டும். பக்கத்துல உங்களுக்கும் எடம் விட்டுத்தான் கன்னு வச்சிருக்கேன். மத்த எடத்துல வாழை தாரு தள்ளிருச்சு, அடக்கத்துக்குக் கூட்டமா ஆளு நடந்தா மரம் சாயும். வெட்டு முடியுற மட்டும் பொறுத்துக்கிருங்க.”

வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆகையால் மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. கடிதம் கண்ட அன்றைக்கே டாக்டரைப் பார்த்து, வாழை வெட்டிய பிறகு ஒரு தேதி கிடைக்குமா என்று கேள்.