மீசைக்காரனுக்கு நான் பொறுப்பல்ல

மதிப்பும் பாசமும் ஒருசேர நிறைந்த அக்காவுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் மகளும் சுகமாக இருக்கிறோம். கம்ப்யூட்டருக்கு மட்டும் உடம்பு கொதிக்கிறது. உன் சுகத்தைப் போனிலேயே விசாரித்திருப்பேன், நீ எடுத்தால்தானே? ரசிகர் குழுவிலிருந்து என்னை நீக்கினாய், சரி, நீ தலைவி, நீக்கலாம். கூடப்பிறந்தவள் போன் பண்ணினால் எடுக்கக்கூடாது என்று எந்தக் குழு சட்டத்தில் இருக்கிறது?

நடந்ததைச் சொல்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு. நம் சீரியலில் வக்கீலுக்கும் சின்னவளுக்கும் கல்யாண வாரம் வருகிறது, அதற்குள் அவர்களுடைய காதல் காட்சிகளை ஒரே பாட்டில் கோர்த்து ஒரு வீடியோ வந்தாக வேண்டும், அதைப் பார்த்து சின்னவளை அந்த வில்லன் மீசைக்காரனுக்குக் கட்டிவைக்கச் சொல்லும் கட்சிக்காரர்கள் வாயடைத்துப் போக வேண்டும் என்று ஆணையிட்டது நீ. "வெட்டி ஒட்டுறதுதானேடி, நீ தையக்காரி, உனக்குத் தெரியாத வெட்டா?"ன்னு உசுப்பேத்தி விட்டதும் நீ. நான் பாட்டுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

மகள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே பாடம் நடத்தினாள். "அம்மா, காட்சியெல்லாம் மேல் வரிசையில, பாட்டு கீழ் வரிசையில. வேண்டாததை வெட்டு, மிச்சத்தை ஒட்டு. ஏதாவது ஆச்சுன்னா எதையும் தொடாதே." தொடாமல் எப்படி அக்கா வேலை செய்கிறது? வெட்டின துண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வை என்றது கம்ப்யூட்டர். எனக்கு வந்த ரவிக்கைத் துண்டுப் பெயரைத்தானே வைப்பேன்? வக்கீல் சிரிப்பது முன்பக்கம், சின்னவள் வெட்கப்படுவது பின்பக்கம், இரண்டு பேரும் ஒரே குடையில் போவது கை என்று வைத்தேன். வேலை முடிந்து மூடப்போனால் 'சேமிக்கவா?' என்று கேட்டது. எதற்கு வீணாக இடத்தை அடைக்கணும் என்று 'வேண்டாம்' என்றேன். அத்தனையும் போச்சு! மறுபடி முதலிலிருந்து. இதயம் பறக்கிற அலங்காரம் ஒன்று இருக்கிறது, அதை வக்கீல் தலைமேல் விடப்போனால் நீதிபதி தலைமேல் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. வாசலில் ஒரு அம்மா "என் ரவிக்கை என்னாச்சு? நாளைக்கு நான் எதைப் போட்டுக்கிட்டுப் போறது?"ன்னு கத்துறாங்க, உள்ளே இவர் "சாப்பாடு உண்டா, இல்ல அதையும் கம்ப்யூட்டர்லதான் பாக்கணுமா?"ங்கிறார். நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன்.

இப்போ குற்றத்துக்கு வர்றேன். துணியை எவளாவது கோட்டுமேலேயே வெட்டுவாளா? தையலுக்குன்னு ஒரு விரல் அகலம் வெளியே விட்டுத்தான் வெட்டணும், சேர்த்துத் தைக்கும்போது மிச்சம் உள்ளே மடங்கிடும். கை பழகின பழக்கம் அக்கா. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் விட்டுத்தான் வெட்டினேன். ஒட்டும்போது மிச்சம் தானே உள்ளே போயிடும்னு நெனச்சேன். அந்தப் பாழாப்போன கம்ப்யூட்டருக்கு மடிக்கத் தெரியலையே! வக்கீல் சிரிச்சு முடிச்சதும் ஒவ்வொரு தடவையும் கதவுக்குப் பின்னாலிருந்து மீசைக்காரன் எட்டிப் பார்ப்பானே, அந்த மிச்சத்தில் அவன் மூஞ்சி அப்படியே நின்னுடுச்சு. அடுத்தது சின்னவள் வெட்கம். மறுபடி மீசைக்காரன், மறுபடி வெட்கம். பாட்டு முழுக்க இப்படியே. போட்டுப் பார்த்தால் கம்ப்யூட்டர் திக்கித் திக்கி ஓடிச்சு, நான் பாதியில் நிறுத்திட்டு அப்படியே குழுவில் போட்டுட்டேன். எதிர்க்கடை மருந்துக்கடைக்காரம்மா ஓடி வந்து, "மீசைக்காரனுக்கும் அவளுக்கும் இப்படி ஒரு பொருத்தமா! எனக்கு இத்தனை நாள் படவே இல்லியே!"ன்னு கன்னத்தில் கைவைத்து நின்ன பிறகுதான் எனக்கு உறைச்சது.

அதற்குள் தலைக்குமேல் வெள்ளம். மீசைக்காரன் கட்சி என்னைத் தூக்கி வைத்து ஆடுது. 'எங்கள் குலவிளக்கே, அடுத்த வீடியோ எப்போது?' என்று கேட்கிறார்கள். நம் குழுவில் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்களாம். நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நீ எழுதினாயே, அதுதான் அக்கா எனக்குத் தாங்கலை. கட்சியாவது மண்ணாவது. சீரியல் முடிந்து பேர் ஓடும்போதே உன் போன் வரும், "பார்த்தியாடி?"ன்னு ஆரம்பிச்சு சோறு ஆறிப்போகிற வரைக்கும் பேசுவோம். இப்போ சீரியல் முடிஞ்சதும் போனைப் பார்க்கிறேன், மிஷினைப் பார்க்கிறேன், எழுந்து வாசல்வரை போயிட்டு வர்றேன். அழுகையா வருது. நீ இல்லாமல் எவனை எவளுக்குக் கட்டிவைத்தால் எனக்கென்ன? தப்பு என்னுடையதுதான். அந்த வீடியோவை இன்றைக்கே அழித்துவிடுகிறேன், இனி கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன், என்னை மன்னித்துவிடு.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்குக் கோபம் தணிந்து நல்ல தூக்கம் வரட்டும்.

இப்படிக்கு,
உன் காலில் விழத் தயாராக இருக்கும் தங்கை

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மகள் சிரித்துக்கொண்டே வந்து போனைக் காட்டினாள். மீசைக்காரன் கட்சியில் இன்று ஒரு அம்மாள் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். என் வீடியோவுக்குக் கீழே, 'வக்கீலுக்கு எப்பப் பாரு கேஸ் நினைப்புதான், மீசைக்காரன்தான் அவளை அவளாப் பாக்குறான், நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்று எழுதியிருக்கிறாள். முகத்தைக் காட்டவில்லை, தன் படம் வைக்கிற இடத்தில் ஒரு ஜன்னல் திரை மட்டும். அதில் பூவெல்லாம் தலைகீழாகத் தொங்குகிறது. அந்தத் திரையைத் தலைகீழாகத் தைத்து உன் வீட்டுக்குக் கொடுத்தவளே நான்தான் அக்கா! மேலே கேட்ட மன்னிப்பு மொத்தமும் வாபஸ். வீடியோவும் அழியாது. இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றைக்குச் சீரியல் முடிந்ததும் நீயே போன் பண்ணு, எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். சும்மா சொன்னேன், முதல் மணியிலேயே எடுத்துடுவேன்.