மாமாவின் கப்பிகளுக்கு நான் தேடிக் கொடுத்த மறைவு

மனைவி வீட்டுக்குக் குடிவந்த புது மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தால் அவனுக்கு ஒரு குறையும் வராது. நான் திறந்தேன்.

உடுவில் ஊரிலுள்ள அந்த வீட்டு விறாந்தையில் மாமா ஒரு மீன்தொட்டி வைத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனிதருக்கு அதிலிருந்த பத்துக் கப்பி மீன்கள்தான் உலகம். இரண்டு தடவை பிறந்த குஞ்சுகளையும் பெரிய மீன்களே தின்றுவிட்டன. மூன்றாம் தடவையாக ஒன்று வயிறு பெருத்து நின்றது. மாமாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"குஞ்சுகள் ஒளிக்கிறதுக்கு மேலை மிதக்கிற செடி போடவேணும் மாமா. அதை என்னட்டை விடுங்கோ" என்றேன். (ஆர் கேட்டது?) இந்தக் குஞ்சுகள் பிழைத்தால் மாமா என்னை மகனாகவே நினைப்பார் என்று எனக்குப் பேராசை.

தொட்டிச் சாமான் விற்கும் கடைக்காரர் கிண்ணமொன்றில் பொடி இலைச் செடியைக் காட்டினார்.

"உது ஆருக்குக் காணும் அண்ணை? எங்கடை சண்டிலிப்பாய்க் குளத்திலை ஆகாயத்தாமரை கோவா மாதிரி இலை விரிச்சுப் பெரிசாக் கிடக்கு."

"குளத்துச் செடியெண்டால் ஒரு கிழமை வேறை வாளியிலை வைச்சுப் பாத்திட்டுப் போடுங்கோ."

தோட்டக்காரன் மகனான எனக்கே செடியைப் பற்றிப் பாடம்! அன்று பின்னேரமே உரப்பை நிறைய அள்ளிவந்து தொட்டியை மூடினேன். வேருக்குள்ளிருந்து நடுவிரல் நீளத்தில் ஒரு மீனும் விழுந்தது.

"பாருங்கோ மாமா, துணைக்கு ஒரு ஆளும் வந்திருக்கிறார்!"

எங்கள் இரண்டு குடும்பமும் பரம்பரையாக மரக்கறி. மீனென்றால் எங்களுக்கு மீன்தான். எது என்ன மீனென்று ஒருவருக்கும் தெரியாது.

முதல் கிழமை நாலைந்து கப்பி கண்ணில் பட்டது. அடுத்த கிழமை ஒன்று. அதற்குப் பிறகு இலை மட்டும்தான்.

"தம்பி, ஒண்டையும் காணேல்லை."

"இருக்கு மாமா, ஒளிச்சிருக்கு. மறைவு அவ்வளவு திறம்!"

பாவம், மனிதர் நம்பினார். வந்தவர்களுக்கெல்லாம் இலையைக் காட்டி, "உள்ளுக்குள்ளை குஞ்சுகள் நிறைய" என்று பெருமையடித்தார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

ஒரு நாள் மனைவியோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் வந்தார். வல்வெட்டித்துறைக்காரி; மீனோடு பிறந்து வளர்ந்தவர். ஓரத்து இலையைத் தூக்கிப் பார்த்தவர் கத்தினார்.

"ஐயையோ, இது விரால்! இதோடை வேறை மீனும் விட்டனீங்களோ?"

"ஓம், பத்துக் கப்பி" என்றார் மாமா.

"அதெல்லாம் இப்ப இதின்ரை வயித்துக்குள்ளை. ஆனால் நல்ல விரால். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் குழம்பு வைக்கலாம்."

மாமா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்றிருந்தது.

"குளத்திலை கொண்டுபோய் விட்டிடுறன் மாமா."

"வேண்டாம் தம்பி. உந்த ஒண்டாவது உயிரோடை இருக்கட்டும்."

"கொண்டந்தது நீங்கள், தீனும் நீங்களே வாங்கிப் போடுங்கோ" என்று மனைவி தீர்ப்பு வழங்கினாள். விரால் சோறு தின்னாது. ஆகவே, நாலு தலைமுறையாக மீன் தொடாத வம்சத்தில் வந்த நான், கிழமைக்கு இரண்டு தரம் சுன்னாகத்தில் மீன் விற்கும் இடத்தில் கூனி இறாலுக்கு நிற்கிறேன். சொந்தக்காரர் கண்ணில் படாமலிருக்க ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை.

அந்த நேரம் பார்த்து யாராவது வீட்டுக்கு வந்து "மருமகன் எங்கை?" என்று கேட்டால், மாமா தொட்டியைப் பார்த்தபடியே பதில் சொல்வார்:

"இருக்கிறார், ஒளிச்சிருக்கிறார்."