வீட்டோ அங்கிள் காதில் விழுந்த அணு

வீட்டோ அங்கிள் நம்பாத விஷயங்களை எழுத இந்தப் பத்திரிகையின் அத்தனை பக்கங்களும் போதாது. நம்பியவற்றை எழுத ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறம் போதும். அதிலும் மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

மனிதர் பார்த்த வேலை அப்படி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் சரிபார்ப்பவர். யாராவது செத்துப்போனால்கூட நேரில் போய் விசாரித்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். ரிட்டையர் ஆன பிறகு சந்தேகப்படுவதற்கு மைசூரில் ஆள் போதவில்லை. உலகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவருடைய சந்தேகங்களிலேயே பெரியது, நாடு நாடாகப் போய் அணுகுண்டு இருக்கிறதா, விஷவாயு இருக்கிறதா என்று தேடும் சர்வதேசச் சோதனைக்காரர்கள் மேல்தான். "குண்ட வச்சிருக்கறவனே செக் பண்ண வர்றான் டீச்சர். இல்லாதவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாக்கறான். இது என்ன நியாயம், அல்வா?" என்பார். எங்கள் ஊர்த் தமிழில், 'இல்லையா' என்பதற்குக் கன்னட 'அல்வா' போடாமல் கேள்வி முடியாது. நான் "ஆமா அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்வேன். அது ஸ்டார்ட் ஆகாது.

அவர் தெருவுக்கே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. "குண்டு இருக்குன்னு அவங்க சொன்னா பாதி நம்பு. இல்லேன்னு சொன்னா முழுசா பயப்படு." காய்கறி வாங்கப் போகிறவர்களை நிறுத்தி இதைச் சொல்வார். எங்கள் தெருவில் டீச்சர்களும் நர்ஸுகளும் ஆபீஸ் போகிறவர்களும்தான் அதிகம். படித்தவர்கள். கேட்டுக்கேட்டு எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

'வீட்டோ' என்ற பெயர் வெடியால் வந்தது. ஒரு தீபாவளிக்கு யாரோ கொளுத்திய வெடி மொட்டை மாடியில் காய்ந்த பட்டுப்புடவையில் விழுந்துவிட, தெரு சங்கத்தைக் கூட்டினார்கள். இனி பெரிய வெடி கூடாது, கமிட்டி வீடு வீடாக வந்து பார்க்கும் என்று தீர்மானம். கமிட்டிக்குத் தலைவர், தெருவிலேயே அதிகமாக வெடி வாங்கும் கான்ட்ராக்டர். அங்கிள் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார்.

"இவர் வீட்ல கூடை கூடையா ஆட்டம் பாம் இருக்கு. இவர் வந்து எங்கிட்ட கம்பி மத்தாப்பு இருக்கான்னு பாப்பாரா? பெரிய நாடுங்க பண்றது இதுதான்! நான் வீட்டோ பண்றேன்!"

அவர் மனைவி லில்லி ஆன்ட்டி தலைமை நர்ஸாக இருந்தவர். வார்டையே அடக்கிய குரலில், "வீட்டோவும் வேணாம், ரோட்டோவும் வேணாம். வீட்டோட இருங்க, போதும்" என்றார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் இப்போது போதகருக்கே ஞாபகம் இருக்குமா தெரியவில்லை.

அந்தப் போதகரையும் அங்கிள் விட்டுவைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலகத்தில் பொல்லாத ஆயுதங்கள் எல்லாம் ஒழியவேண்டும் என்று போதகர் உருக்கமாக ஜெபித்தார். சபையே "ஆமென்" என்றது. அது அடங்கிய பிறகு அங்கிள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது: "ஆமென். ஆனா ஒழிஞ்சுதான்னு யார் செக் பண்றது?" முன் வரிசையில் உட்கார்ந்திருந்த லில்லி ஆன்ட்டி பாட்டுப்புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த எனக்குப் புத்தகம்கூட இல்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்தது அதைவிட மோசம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது துணைக்கு வருகிறேன் என்று வந்தார். ஆற்றங்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைக்கார ஜோடி வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வரைபடம், வெளிநாட்டுக்காரர், முதுகில் மூட்டை. அங்கிளுக்கு வேறென்ன வேண்டும்? நேரே போய் விரலை நீட்டினார்: "யூ செக்கிங்? ஃபர்ஸ்ட் யூ ஷோ யுவர் பாம்!" அந்தப் பையன் சிரித்துக்கொண்டே மூட்டையைத் திறந்து, காற்றடிக்கும் பம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தான். அங்கிளின் சைக்கிள் எங்கே என்று சுற்றிப் பார்த்து உதவிக்கும் தயாராகிவிட்டான். என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் யார் என்றே தெரியாதவள் மாதிரி நான் காவிரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் சொன்னது அத்தனையும் உளறல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பயங்கர ஆயுதம் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி ஒரு நாட்டுக்குள் படை நுழைந்ததையும், தோண்டித் துருவியும் கிடைக்காமல் போனதையும் நாமும் டிவியில் பார்த்தவர்கள்தானே. இடிந்த வீடுகள் இடிந்தவைதான். கோபம் நியாயமானது. ஆனால் அதைத் தெருவுக்குள் கொண்டுவந்து மாம்பழத்தின் மேல் இறக்கியதுதான் கேவலமாகப் போயிற்று.

ராஜண்ணா குண்டலுபேட்டைக்காரர். எங்கள் தெரு முனையில் சின்னப் பழக்கடையும் அதன் பின்னால் தகரக் கொட்டகையும் வைத்திருக்கிறார். வருஷம் முழுக்க வாழைப்பழத்தில் வயிறு கழுவுவார். மாம்பழக் காலத்தில்தான் நிமிர்வார். பாதாமி மாங்காயாக வாங்கி வைக்கோலில் அடுக்கி, பொறுமையாகப் பழுக்கவைத்து விற்பார். மற்ற கடைகளில் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதாகப் பேச்சு உண்டு. ராஜண்ணாவைப் பற்றி அப்படி ஒரு பேச்சு இருந்ததில்லை. அந்த வருஷம் கடன் வாங்கிக் கொட்டகை நிறைய இறக்கியிருந்தார். மகளுக்கு நர்ஸிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. "இந்த பாதாமி எல்லா போச்சுன்னா அவ காலேஜ் போயிடுவா டீச்சர்" என்று என்னிடமே சொன்னார். போச்சு என்றால் விற்றுப்போவது.

கார்பைடு கல் இருக்கிறதா என்று கடை கடையாகப் பார்க்க உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஒருநாள் வந்தார்கள். முகமூடி, கையுறை, இடுக்கி, ஏதோ ஒரு மெஷின். அதில் ஒருவர் நல்ல உயரம், நல்ல சிவப்பு. அங்கிள் வாழைப்பழம் வாங்கப் போனவர் இதைப் பார்த்துத் திகைத்து நின்றார். கொட்டகை வாசலில் இருந்த ராஜண்ணா, "ஆமேலே பன்னி அங்கிள். அண்ணு செக் மாடக் பந்தவ்ரே" என்றார்.

கன்னடத்தில் பழத்துக்கு 'ஹண்ணு'. குண்டலுபேட்டைப் பக்கத்து வாயில் 'ஹ' நிற்காது, 'அண்ணு' ஆகிவிடும். பிறகு வாங்க அங்கிள், பழத்தைச் சோதிக்க வந்திருக்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்னது. வாழ்நாள் முழுக்க மைசூரில் குப்பை கொட்டிய அங்கிளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வார்த்தைக்காக எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த காது அது. 'அணு' என்று கேட்டுக்கொண்டது.

தெரு வாட்ஸப் குழுவில் உடனே மூச்சிரைக்க அங்கிள் குரல்: "எல்லாரும் கதவ சாத்துங்க! ராஜண்ணா கொட்டகைல அணு இருக்கான்னு செக் பண்ண வந்திருக்காங்க! மெஷினோட வந்திருக்காங்க! வெள்ளைக்காரன் ஒருத்தன் இருக்கான்! நான் கண்ணால பாத்தேன்!"

அந்த வெள்ளைக்காரர் குடகு மலை மடிகேரிக்காரர். நல்ல கன்னடத்தில், "கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை, சுத்தமான பழம்" என்று சொன்னார். அதிகாரிகள் ஆளுக்கு ஒரு பழம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ராஜண்ணா சிரித்துக்கொண்டே அங்கிளிடம் வந்து விஷயத்தைச் சொன்னார். அங்கிள் முகம் வெளுத்துப்போயிற்று. அடுத்த குரல் பதிவு சின்னதாக இருந்தது: "அணு இல்லீங்க. அண்ணு. என் தப்பு. மன்னிச்சிருங்க."

தப்பை ஒப்புக்கொண்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தார் பாவம். ஒருத்தரும் பழம் வாங்கவில்லை. அங்கிள் வீடு வீடாகப் போனார். வழியில் பார்த்த என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டார். முதல் வீடு டெய்சி அக்காவுடையது. பாங்க் வேலை, நிறையப் பேசுகிறவர்.

"டெய்சி, அதிகாரிங்களே பாத்துட்டு ஒண்ணும் இல்லேன்னுட்டாங்கம்மா."

"அதான் அங்கிள் பயமா இருக்கு. இல்லேன்னு சொன்னா முழுசா பயப்படணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது வேறம்மா. அது உலக விஷயம். இது மாம்பழம்."

"இப்ப உங்களை யாரோ மிரட்டி மாத்திப் பேச வச்சிருக்காங்க. எங்களுக்குப் புரியாதா?"

அங்கிள் அடுத்த வீட்டுக்கு நடந்தார். எல்லா வீட்டிலும் இதே பதில்தான் வந்தது. அவர் சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை இவ்வளவு சுத்தமாக ஒப்பித்ததில்லை. கடைசி வீட்டுப் படியில் இறங்கும்போது, "நான் இவங்ககிட்ட இத்தன நாளா என்ன டீச்சர் பேசிட்டிருந்தேன்?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் அங்கிள், ராஜண்ணா கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். போகிற வருகிறவர்கள் பார்க்க மாம்பழம் தின்றார். மனிதர் ஷுகர்காரர், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். லில்லி ஆன்ட்டி வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒளித்து வைத்திருந்தார். சட்டையெல்லாம் சாறு வழிய, "பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்!" என்று கத்தினார். ராஜண்ணா கையைப் பிடித்துத் தடுத்தார். "பேடா அங்கிள், சாக்கு அங்கிள்" என்று, வேண்டாம், போதும் என்று கன்னடத்தில் கெஞ்சினார். கான்ட்ராக்டர் நின்று பார்த்துவிட்டு, "அவருக்கு வயசாயிடுச்சு, அணு அவர என்ன பண்ணும்?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

லில்லி ஆன்ட்டிக்குச் சொல்லி அவர் ஓடிவருவதற்குள் அங்கிள் ஸ்டூலிலிருந்து சரிந்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றும்போதே பின்னால் ஒரு குரல் கேட்டது: "பாத்தீங்களா? அணு வேலை செஞ்சிருச்சு!"

அதோடு முடிந்தது. மேல்தெரு, கீழ்த்தெரு ஆட்கள்கூட வரவில்லை. அந்தச் சமயத்தில் நான் இந்தத் தெருக்காரி என்று வெளியில் சொல்லவே கூசினேன். எம்.ஏ. படித்தவர்கள் ஒரு மாம்பழத்தைப் பார்த்து எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். பழம் கறுத்து ஈ மொய்க்க ஆரம்பித்தது. ஒரு காலையில் குப்பை வண்டி வந்தபோது ராஜண்ணா கூடை கூடையாகத் தூக்கி அதில் கவிழ்த்ததை என் கண்ணால் பார்த்தேன். அவர் மகள் காலிக் கூடைகளை வாங்கி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிள் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். அபாயம் தாண்டிவிட்டது. டிவியில் எங்கோ ஒரு நாட்டில் சோதனைக்காரர்களை உள்ளே விடவில்லை என்று செய்தி ஓடியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லில்லி ஆன்ட்டி என் காதருகே, "ராஜண்ணா முகத்துல எப்படி முழிப்பேன்னு அழறார்ம்மா" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, ராஜண்ணாவே உள்ளே வந்தார். வெளுத்த சட்டை, வாரிய தலை. அங்கிள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். ராஜண்ணா அதை மெதுவாக விலக்கினார்.

"எல்லா காலி ஆய்த்து அங்கிள். கொட்டகைல ஒண்ணுகூட இல்ல."

அங்கிள் எழுந்து உட்காரப் பார்த்தார். ராஜண்ணாவை உற்றுப் பார்த்தார். கிளெய்ம் விசாரித்த அந்தப் பழைய பார்வை ஒரு விநாடி வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வித்துப்போச்சா டீச்சர்? உங்களுக்குத் தெரியுமா? நீங்க பாத்தீங்களா?"

ராஜண்ணா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தேன் அங்கிள். எல்லாம் வித்துப்போச்சு" என்றேன்.

எத்தனை நாடு, எத்தனை அதிகாரி, எத்தனை அறிக்கை. ஒருத்தரையும் நம்பாத மனிதர், என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வெட்கத்தோடும் பாசத்தோடும், அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.